வெள்ளையாகவே இருந்த பூ

இருபது தலை எம்பிராய்டரி மெஷினுக்கு முன்னால் பதினோரு வருஷமாக நிற்கிற அவளைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொக்கு என்றால்தான் தெரியும். நீளக் கழுத்தும் ஒல்லிக் கால்களும் பாதிக் காரணம். மீதிக் காரணம் அவள் நிற்கிற விதம். இருபது ஊசியும் தடதடவென்று இறங்கி ஏறும்போது அவள் ஆடாமல் அசையாமல் நிற்பாள். ஏதாவது ஒரு தலையில் நூல் அறுந்தால், மெஷினின் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னாலேயே அவள் கை அங்கே போயிருக்கும்.

“மீனு மாட்டிக்கிச்சா கொக்கு?” என்பாள் அடுத்த மேஜையில் பிசிறு வெட்டுகிற அக்கா.

கொக்கு சிரிப்பாள். சிரிப்பு என்றால் உதட்டோரத்தில் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். லீவு வேண்டுமானால்கூட ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சூப்பர்வைசரின் மேஜையில் வைத்துவிட்டு, அவர் படித்து முடிப்பதற்குள் மெஷினுக்குத் திரும்பிவிடுவாள். இரண்டு தடவை கல்யாணப் பேச்சு வந்தது. வந்தவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெண்ணுக்குக் காது கேட்குமா என்று தனியாக விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அவளும் வருத்தப்படவில்லை. முப்பத்தாறு வயதில் கூடப் பிறந்த அக்கா வீட்டு மாடி அறை, மெஷின், அக்காவின் மகள் என்று மூன்றே மூன்று விஷயங்களில் அவள் நாள் நிறைந்துவிடும்.

போன வருஷக் கடைசியில் ஒரு புது நூல் வந்தது. பார்ப்பதற்கு வெறும் வெள்ளைக் கோன். வெயிலில் காட்டினால் ஐந்து எண்ணுவதற்குள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். உள்ளே கொண்டுவந்தால் ஒரு நிமிஷத்தில் பழையபடி வெள்ளை. பிள்ளைகளின் தொப்பியிலும் சட்டையிலும் பூவும் மீனும் தைப்பதற்காக, ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பியது. முதல் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் மொத்த ஷிப்டும் ஆளுக்கொரு துண்டுத் துணியோடு வாசலுக்கு ஓடியது. பிசிறு வெட்டுகிற அக்கா தன் துணியை வெயிலுக்கும் உள்ளுக்குமாக மாற்றி மாற்றிக் காட்டி, “எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்குடி. வெளியில போனா ஒரு நிறம், உள்ள வந்தா ஒரு நிறம்” என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கொக்கு கூட்டத்தோடு நிற்கவில்லை. தன் துணியை முதலில் சுவரோரத்து நிழலில் பிடித்தாள். நிழலிலும் நூல் நிறம் மாறியது. பிறகு படிக்கட்டு ஜன்னலின் மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிடித்தாள். கொஞ்சம் வெளிறலாக, ஆனால் மாறியது. உள்ளே ட்யூப்லைட்டுக்கு அடியில் வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

காரணம் வீட்டில் இருந்தது. அக்கா மகளுக்கு ஏழு வயது. எதைக் கொடுத்தாலும் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்வாள் என்பதால் அணில் என்று பெயர். அவளுக்கு வெயில் ஆகாது. ஆகாது என்றால் தலைவலி, மயக்கம் என்கிற மாதிரி இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு முகம் கறுக்கிற வெயிலில் அவளுக்குத் தோல் வெந்துபோகும். வெந்த இடம் ஆறினாலும் உள்ளே ஆறாது. ஒவ்வொரு தடவையும் பின்னால் வரப்போகிற கெடுதலோடு ஒன்று கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறதாம், அதுதான் எதிரி. மேகத்துக்கு அடியிலும் அது வரும். நிழலுக்குள்ளும் வரும். கண்ணாடியையும் தாண்டி வரும். எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று மனுஷக் கண்ணால் சொல்ல முடியாது. அந்த நூல் சொன்னது.

கோன் அடியில் மிஞ்சுகிற நூலைச் சாயங்காலம் பெட்டியில் போட்டு ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். கொக்கு அதிலிருந்து சில மீட்டரை விரலில் சுற்றி டப்பா மூடிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். வாழ்க்கையில் அவள் செய்த ஒரே திருட்டு அது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆனால் கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே!

அந்த நூலில் ஐந்து இதழ்ப் பூக்கள் தைத்தாள். அணிலின் இரண்டு ஜோடிக் கையுறைகளின் மேல்புறத்தில், பள்ளியில் மேஜைமேல் விரிக்கிற துணியில், வகுப்பறைத் திரையின் ஓரத்தில். பூ வெள்ளையாக இருந்தால் பயமில்லை. நிறம் ஏறினால் உடனே திரையை இழுக்க வேண்டும், பிள்ளையை நகர்த்த வேண்டும். இரண்டு வருஷமாகப் பொறுப்பேற்கப் பயந்த பள்ளி, அந்தப் பூவைப் பார்த்த பிறகுதான் சரி என்றது. “எனக்கு மெஷின், மீட்டர் எல்லாம் பாக்கத் தெரியாதுங்க. பூ பாக்கத் தெரியும்” என்றார் டீச்சர். டாக்டரும் பார்த்துவிட்டு, “நல்ல யோசனைதான். ஆனா இதை மட்டும் நம்பிடாதீங்க” என்றார். அக்காவுக்கும் தங்கைக்கும் முதல் பாதி மட்டும்தான் நன்றாகக் கேட்டது.

நாலு மாதம் ஓடியது.

அந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஒரே வாக்குவாதம். மறுநாள் பதினோரு மணிக்குப் பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கிறார்கள். வெளி முற்றத்தில், சுவர் நிழலில். அணில் வெளியே வரும்போது தொப்பியோடு சேர்ந்த முகத்திரையைப் போட்டுக்கொள்வாள். கண்ணாடி போல இருக்கும், ஆனால் மஞ்சள் பூத்தது. அதற்குள் அவள் முகம் சரியாகத் தெரியாது.

“எல்லாரும் மூஞ்சியோட நிப்பாங்கம்மா. நான் மட்டும் டப்பாக்குள்ள வச்ச மாதிரி நிக்கணுமா?”

“கத்தாதடி. நான் நேத்தே போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்” என்றாள் அக்கா. சலவைக் கடையில் இஸ்திரி மேஜையில் நிற்கிறவள் அவள். சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கு ஓடியிருந்தாள். “அந்தச் சுவர் நிழல்ல கையுறையை வச்சு நூறு எண்ணினேன். வெள்ளையாவே இருந்துச்சு. இப்பல்லாம் வெயில் சாதுவாயிடுச்சு. கொடியில போடும்போது பாத்தாக்கூட பூ முன்ன மாதிரி கறுக்கறதில்ல, லேசா ஒரு சாயல்தான். பத்து நிமிஷம் நின்னுட்டு வந்துடட்டும். என்ன சொல்றே?”

கேள்வி தங்கைக்கு. கொக்கு எப்போதும் இருட்டு பிரியுமுன் முதல் ஷிப்டுக்குப் போய், வெயில் சாய்ந்த பிறகு திரும்புகிறவள். கொடியில் துணி காய்வதை ஞாயிற்றுக்கிழமை தவிர அவள் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவாள். அணிலின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“பூ வெள்ளையா இருந்தா பயமில்லக்கா” என்றாள்.

மறுநாள் காலை பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால், பையர் திருப்பி அனுப்பிய ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் செக்கிங் மேஜைக்கு வந்தார். கூடவே கையில் ஹெல்மெட்டை மாட்டியபடி நூல் கம்பெனிக்காரர். மேஜை கொக்குவின் மெஷினுக்கு ஐந்தடி தூரம். பெட்டியிலிருந்து பன்னிரண்டு குட்டித் தொப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தார்கள். அவர்கள் வைத்திருந்த ஊதா விளக்கை முதலில் ஒரு புதுத் தொப்பிமேல் காட்டினார்கள். மீன் சட்டென்று நிறம் ஏறியது. பிறகு திரும்பி வந்த தொப்பிகள்மேல் காட்டினார்கள். பன்னிரண்டு மீனும் வெள்ளையாகவே கிடந்தன.

“பாருங்க. ரெண்டு மாசத்துல செத்துப் போச்சு. நூல் மோசம்னு எழுதியிருக்கான்” என்றார் சூப்பர்வைசர்.

“நூல் மோசமில்ல சார், இதோட சுபாவமே அப்படி” என்றார் நூல்காரர். “ஒவ்வொரு தடவை நிறம் மாறும்போதும் இது கொஞ்சம் அசந்து போகும். எல்லா இடத்துக்கும் போகுது இந்தச் சாயம். வெயில் பட்டா காட்டிக்கொடுக்க மருந்துப் பாட்டில் லேபிளுக்குப் போகுது, சான்றிதழ்ல ரகசியக் குறியாப் போகுது. மூக்குக் கண்ணாடிக்குப் போறது வேற ரகம், வருஷக்கணக்குல தாங்கும். நூலுக்குப் போடறது அவ்வளவு தாங்காது. துவைச்சு, பகல் பூரா வெயில்ல காயப்போட்டு, மறுபடி துவைச்சு, காயப்போட்டு... ஒரு மாசம், ரெண்டு மாசம். கொஞ்சம் கொஞ்சமா வெளுத்து, கடைசியில வெறும் வெள்ளை நூல் சார். அப்புறம் அதைப் பாலைவனத்துல கொண்டுபோய் வச்சாலும் வெள்ளைதான்.”

ஏழாவது தலையில் நூல் அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் நின்றது. கொக்குவின் கை நகரவில்லை.

“ஏய் கொக்கு, சிவப்பு எரியுது பாரு” என்றாள் பிசிறு வெட்டுகிற அக்கா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்திரியைக் கீழே வைத்தாள்.

கொக்கு நாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வெயிலில் காய்ந்த துணிதான் துணி என்பது அக்காவின் கொள்கை. சலவைக் கடை புத்தி. அணிலின் உடுப்பில் அவளுக்குக் கொஞ்சமும் அழுக்கு ஆகாது. ஒரு ஜோடிக் கையுறை பிள்ளையோடு பள்ளிக்குப் போகும்போது, அடுத்த ஜோடி நாள் முழுக்க மாடிக் கொடியில் கிடக்கும். அந்த வீட்டில் பிள்ளையின் பங்கு வெயிலை எல்லாம் அவள் துணிகள்தான் வாங்கிக்கொண்டிருந்தன. நாலு மாதம். வெயில் சாதுவாகவில்லை. பூ செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்துமூன்று.

செல்போன்களை எல்லாம் காவலாளியின் அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். கேட் பாஸ் இல்லாமல் அதைத் தொட முடியாது. அவள் ஐந்தடி நடந்து சூப்பர்வைசருக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், கேட் பாஸ்.”

அவர் தொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், “எழுதி வச்சிட்டுப் போ” என்றார்.

“எழுத நேரமில்ல சார்.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். அவள் குரலை அவர் அதற்குமுன் நாலைந்து தடவைதான் கேட்டிருப்பார்.

“இந்த நூல்ல கொஞ்சம் நான் எடுத்துட்டுப் போயிருக்கேன் சார். கோன் அடியில மிச்சம் இருந்தது. எங்கக்கா பொண்ணுக்கு வெயில் பட்டா தோலு வெந்துடும். அவ கையுறையில பூ தச்சு, இது வெள்ளையா இருந்தா வெளியில வரலாம்னு சொல்லி வச்சிருக்கேன். அக்கா தினம் துவைச்சு வெயில்ல போட்டிருக்கா. அது இந்நேரம் செத்திருக்கும். இன்னிக்குப் பதினோரு மணிக்கு மூஞ்சியைத் திறந்து வெளியில உக்கார வைக்கப் போறாங்க.” ஒரே மூச்சில் சொன்னாள்.

சூப்பர்வைசர் தொப்பியைக் கீழே வைத்தார். “எடுத்துட்டுப் போயிருக்கேன்னா? திருடிட்டு, என்கிட்டயே வந்து கேட் பாஸும் கேக்குற.”

“சார், அப்புறம் ஆற அமரத் திட்டிக்கலாம்” என்றார் நூல்காரர். அவர் முகம் வெளுத்திருந்தது. “எந்த ஸ்கூல்மா? நம்பர் தெரியுமா?”

தெரியும். அவசரத்துக்கென்று மனப்பாடம் செய்துவைத்த நம்பர். சூப்பர்வைசரே தன் போனில் போட்டார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டார். எல்லோரும் முற்றத்தில் இருப்பார்கள் என்று கொக்குவுக்குப் புரிந்தது. அக்காவின் போனும் அப்படித்தான் அடித்து ஓய்ந்தது. இஸ்திரி மேஜையில் நிற்கிறவளின் போன் பையில் இருக்கும்.

சூப்பர்வைசர் கேட் பாஸைக் கிழித்துக் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் குத்திக்கொண்டு போனது. “போ. திரும்பி வந்து முதல்ல என்னைப் பாக்கணும். புரியுதா?”

“பஸ்ஸுல போனா ஆகாது. என் ஸ்கூட்டர் வெளியில நிக்குது” என்றார் நூல்காரர்.

தொழிற்சாலையின் நீல மேலங்கியைக் கூடக் கழற்றாமல் அவள் பின்னால் ஏறினாள். சட்டைப்பையில் பறக்கப் பார்த்த ஒரு அட்டையை எடுத்து அவர் அவளிடம் நீட்டினார். “இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. சாம்பிள் கார்டு, பறந்துடும்.” அட்டையில் அதே நூல், புதுசு, விரல் அகலத்துக்குச் சுற்றியிருந்தது. வெளியே வந்த நொடியிலேயே அது கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

முதல் சிக்னலில் அவர் தலையைத் திருப்பி, “பயப்படாதீங்க. நிழல்லதானே உக்கார வைப்பாங்க” என்றார். சொன்னவருக்கே அது உதவவில்லை. அதன்பின் அவர் பேசவில்லை. கொக்கு வழிநெடுக அட்டையையே பார்த்தாள். உயரக் கட்டடங்களின் நிழலுக்குள் போனார்கள். நிறம் கொஞ்சம் இறங்கியது, போகவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் இன்னும் கொஞ்சம் இறங்கியது, அப்போதும் போகவில்லை. மரங்கள் அடர்ந்த தெருவில், தார்ச்சாலையில் வெயில் பொட்டே விழாத இடத்தில்கூட நூல் பழுத்த கத்தரி மாதிரி இருந்தது. ஒரு லாரி குறுக்கே திரும்புவதற்காக நின்றார்கள். லாரிக்காரன் நிதானமாகப் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் எடுத்தான். “யோவ், சீக்கிரம் எடுய்யா!” என்று ஒரு பெண் குரல் கத்தியது. நூல்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். கொக்குவும் திடுக்கிட்டாள். கத்தியது அவள்தான்.

பள்ளி வாசலில் அவர் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. திறந்திருந்த கேட்டுக்குள் நேராக விட்டார். பத்து ஐம்பத்தாறு. படம் எடுப்பவருக்கு மத்தியானம் வேறு பள்ளியில் வேலையாம், சீக்கிரமே ஆரம்பித்துவிட்டிருந்தார்.

மூன்று வரிசை பெஞ்சு. பின்வரிசை நின்றுகொண்டு, நடுவரிசை உட்கார்ந்துகொண்டு. முன்வரிசையில், நட்ட நடுவில் அணில். தொப்பி பின்னால் தொங்கியது. முகத்திரை மடியில் இருந்தது. நாலு மாதத்தில் எந்தப் பிள்ளையும் பள்ளி முற்றத்தில் பார்த்திராத முகத்தை நிமிர்த்தி, கேமராவுக்குப் பூ தெரியட்டும் என்று கையுறைக் கையைக் கன்னத்தில் வைத்திருந்தாள். பூ பால்போல வெள்ளையாக இருந்தது.

“அணில்!”

கொக்கு ஓடுகிறபோதே மேலங்கியைக் கழற்றினாள். ஒரு பொத்தான் தெறித்துப் போனது. பிள்ளையின் தலைமேல் போட்டுச் சுருட்டி நெஞ்சோடு அணைத்தாள்.

“அம்மா, ஒரே ஒரு நிமிஷம்மா. எல்லாரும் சரியா நிக்கறாங்க” என்று படக்காரர் கெஞ்சினார்.

“விடு சித்தி! போட்டோ! என் போட்டோ!” என்று மேலங்கிக்குள்ளிருந்து அணில் உதைத்தாள். அவளுடைய முழங்கால் சித்தியின் வயிற்றில் நன்றாக இறங்கியது.

டீச்சர் ஓடிவந்தார். “என்னங்க நீங்க, பிள்ளையை இப்படிப் பயமுறுத்திட்டு! நான் பூவைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஒரு தடவைகூட மாறல.”

கொக்கு மேலங்கியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கையுறையின் பக்கத்தில் அட்டையை வைத்துக் காட்டினாள். ஒரே நிழல். ஒரே வெளிச்சம். அட்டையில் கத்தரிப்பூ நிறம். கையுறையில் வெள்ளை.

டீச்சர் இரண்டையும் பார்த்தார். பிறகு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

புத்தக அறையில் ஜன்னல் கிடையாது. அங்கே அணிலை வைத்து, முகத்தில் ஈரத்துணி போட்டார்கள். எவ்வளவு நேரம் வெளியில் இருந்தாள் என்று கேட்டபோதுதான் இன்னொரு பயம் பிடித்தது. அது யாருக்கும் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் என்றார் டீச்சர். பத்து இருக்கும் என்றார் படக்காரர், பின்வரிசையில் இரண்டு பேர் இடத்துக்குச் சண்டை போட்டார்களாம். அணிலைக் கேட்டால், “ரொம்ப நேரம். ஜாலியா இருந்துச்சு” என்றாள்.

தகவல் கிடைத்து அக்கா கையில் இஸ்திரி வாசனையோடு ஓடிவந்தாள். பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தங்கையை மட்டும் பார்க்கவில்லை. டாக்டரிடம் போனபோது, “இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு நாள்ல தோலே சொல்லும். காத்திருங்க” என்றார்.

காத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் அணிலை விளக்குக்கு அடியில் உட்கார வைத்து இரண்டு பேரும் பார்ப்பார்கள். மத்தியானம் பார்ப்பார்கள். விளக்கு வைத்த பிறகு பார்ப்பார்கள். “என்னை என்ன டிவி மாதிரி பாக்குறீங்க?” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் நாள் ஒன்றுமில்லை. கொக்குவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் மூக்குத் தண்டு சிவந்தது. பிறகு கன்னத்து மேடுகள். மூன்றாம் நாள் காலையில் இடது காதின் மேல்விளிம்பில் நாலு கொப்புளம். படம் எடுக்கும்போது சுவர் மறைக்காத பக்கத்துக் காது. பிள்ளை அழுதபோது அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு, கப்பலில் சமையல் வேலை பார்க்கிற புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் எடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவள் தங்கையிடம் பேசினாள்.

“நீ சொன்ன பூவை நம்பித்தானேடி...” என்று ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்தினாள். பிள்ளையின் காதைப் பார்த்துவிட்டு, “நீதான் வீட்லயே இருக்கறதில்லையே. அது வெளுத்துக்கிட்டே வந்ததை தினம் பாத்தவ நான். வெயிலுக்கு வேகம் கம்மியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். மண்டையில வேர்வை ஊத்துது, வெயில் கம்மியாம்!” என்றாள். சிரிக்கப் பார்த்தாள். அது வேறு மாதிரி முடிந்தது.

“நான் சொல்றதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும்க்கா. ஒரு தடவை வெயில்ல புடிச்சுப் பாத்திருக்கணும்.”

“பாத்திருக்கணும்” என்றாள் அக்கா. இல்லை என்று சமாதானம் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் கொக்குவுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது என்றார்கள். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போடும்போது சூப்பர்வைசர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “பொண்ணு எப்படி இருக்கு?” என்று கேட்டார். “காதுல மட்டும்தான் சார்” என்றாள். அவர் தலையாட்டினார். அவள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினாள் என்பது மத்தியானத்துக்குள் ஷிப்ட் முழுக்கப் பரவிவிட்டது.

நூல்காரர் வீட்டுக்கே வந்தார். செத்த கையுறைகளைத் தரமுடியுமா என்று கேட்டார். “எத்தனை நாள் தாங்கும்னு எங்க ஆபீஸ்ல யாரும் சரியாச் சொல்லல. நூலை வித்தோம், அவ்வளவுதான். இதைக் கொண்டுபோய் மேஜைமேல போடணும்” என்றார். பதிலுக்கு ஒரு புதுக் கோன் தந்தார். அக்கா கையுறைகளைத் தரவில்லை. “பூவை மட்டும் வெட்டித் தர்றேன். கையுறை எம்பொண்ணுக்கு வேணும்” என்றாள்.

கொக்கு அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். பத்து நாளாக இந்த வீட்டில் பள்ளி என்கிற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. காதுக் கொப்புளம் ஆறி, ஒரு கறுப்புத் தழும்பு நிற்கப்போகிறது என்று டாக்டர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அது வெறும் தழும்பு இல்லை, கூட்டலில் ஒன்று என்பது அவர்களுக்குத் தெரியும்.

அக்கா கையுறைகளை மடியில் போட்டு, கத்திரியால் பூவைச் சுற்றிக் கத்தரித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை விழுந்தது. பூக்களை ஒரு உறையில் போட்டு நூல்காரரிடம் கொடுத்து அனுப்பினாள். பிறகு ஓட்டைக் கையுறைகளைத் தங்கையின் முன்னால் தள்ளினாள்.

“ஒட்டுப் போட்டு அதுமேல புதுசா தை. இனிமே இதைத் துவைக்க மாட்டேன். ஈரத்துணியால துடைச்சு உள்ளேயே காய வைப்பேன். தினம் காலையில கொடிக்குக் கொண்டுபோய் ஐந்து எண்ணுவேன். நல்லாக் கறுத்தாத்தான் அன்னிக்கு ஸ்கூல். இல்லன்னா கிடையாது. முகத்திரையைக் கழட்டறதுங்கற பேச்சே கிடையாது. போட்டோவாவது கீட்டோவாவது.” மூச்சு வாங்கினாள். “அது எந்த நாள்ல சாகும்னு சொல்ல முடியுமா?”

“அந்த நாளைச் சொல்ல முடியாதுக்கா. தினம் ஐந்து எண்ணினா அது ரொம்ப நாள் தாங்கும். ஆனா அது சாகற வரைக்கும் நாம காத்திருக்கக் கூடாது. ஒரு மாசத்துல நாமளே மாத்திடலாம்.”

“அப்ப அந்தத் தேதியைப் பக்கத்துலயே தை. எனக்குத் தெரியற மாதிரி. டீச்சருக்கும் தெரியற மாதிரி.”

கொக்கு கையூசியை எடுத்தாள். மெஷினில் தைத்தே பழகிய கைக்கு, கையில் எழுத்துத் தைப்பது சங்கடமாக இருந்தது. ஒட்டுப் போட்டுப் புதுப் பூ தைத்து, அதற்குக் கீழே சாதாக் கறுப்பு நூலில் மாற்ற வேண்டிய தேதியைத் தைத்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். நடுவில் ஒரு தடவை, “அந்த மூணு ரெண்டு மாதிரி இருக்கு, அவுத்துட்டுத் தை” என்றாள். அவிழ்த்துவிட்டுத் தைத்தாள்.

அணில் வந்து கையுறையை மாட்டி, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“பூ அழகா இருக்கு. நம்பர் கோணலா இருக்கு சித்தி.”

“இருக்கட்டும்” என்றாள் கொக்கு. அடுத்த கையுறையை எடுத்தாள்.